ராகிக் காட்டில் இறங்கிய யானையும் இலக்கிய வகைகளும்

தேன்கனிக்கோட்டைப் பக்கம் என் மாமாவுக்கு இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. ராகி அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு ராத்திரி யானைகள் இறங்கிவிட்டன. மொத்தம் மூன்று. பரணில் காவல் இருந்த மாமா தகரம் தட்டினார், பட்டாசு கொளுத்தினார், டார்ச் அடித்துப் பார்த்தார். தின்றது பாதி, மிதித்தது பாதி என்று ஆக்கிவிட்டு, விடிவதற்குள் அவை காட்டுக்குத் திரும்பிவிட்டன.

மறுநாள் நான் போனபோது அந்த ஒரு ராத்திரி நாலு விதமாக ஊருக்குள் உலாவிக்கொண்டிருந்தது. டீக்கடையில் மாமா சொன்னபோது மூன்று யானை ஐந்தாகியிருந்தது. அதில் ஒன்று பரணின் காலைத் துதிக்கையால் உலுக்கியும் பார்த்ததாம். அத்தை வரப்பில் உட்கார்ந்து, சாய்ந்து கிடந்த ராகியைப் பெற்ற பிள்ளை மாதிரி கூப்பிட்டு, இழுத்து இழுத்து அழுதுகொண்டிருந்தார். அவர்கள் பையன் செல்போனில் நாலு வரி கவிதை எழுதி ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். சாயங்காலம் நான் உட்கார்ந்து இழப்பீட்டு மனு எழுதிக் கொடுத்தேன்: சர்வே எண், பரப்பு, பயிர், சேதத்தின் மதிப்பு.

என்னோடு வந்திருந்த அண்ணன் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இலக்கிய வகைகள் என்று ஒரு பட்டியலைக் கையில் வைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். கவிதை, காப்பியம், சிறுகதை, நாவல், நாடகம், கட்டுரை என்று போன அந்தப் பட்டியலுக்கு நடுவிலேயே வெண்பா, துப்பறியும் கதை, தாலாட்டு எல்லாம் கலந்து கிடந்தன. "சித்தப்பா, வெண்பாவும் துப்பறியும் கதையும் எப்படி ஒரே வரிசையில வரும்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. இலக்கிய வகை என்றாலே பலருக்குத் தலை சுற்றுவது இங்கேதான்.

இரண்டு தனித்தனிக் கேள்விகளை அந்தப் பட்டியல் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. எப்படிக் கட்டியிருக்கிறது என்று கேட்டால் கிடைப்பது வடிவம். வெண்பா, நாவல், சிறுகதை, நாடகம் எல்லாம் வடிவங்கள். எந்தச் சந்தர்ப்பத்தில், எந்த உணர்ச்சியை எதிர்பார்க்கவைத்துச் சொல்கிறது என்று கேட்டால் கிடைப்பது வகை. இரங்கல், எள்ளல், காதல், துப்பறிதல், வரலாறு இவையெல்லாம் வகைகள். ஒரு நாவல் வரலாற்று நாவலாகவும் இருக்கலாம், பேய்க்கதையாகவும் இருக்கலாம். ஒரு வெண்பா நீதி சொல்லலாம், ஆளைக் கிண்டலும் செய்யலாம். ஆக, எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அதற்கு இரண்டு பதில் எழுத வேண்டும். புத்தகங்களில் இந்தச் சொற்களை இடம் மாற்றி எழுதுவதும் உண்டு. பெயரில் சண்டை வேண்டாம், கேள்வி இரண்டு என்பது நினைவில் இருந்தால் போதும்.

நம்மவர்கள் இதை ரொம்பக் காலத்துக்கு முன்பே பிரித்து வைத்திருக்கிறார்கள். பழைய பாட்டைத் திறந்தால் அதன் பா ஒன்று, திணையும் (எதைப் பற்றிய பாட்டு) துறையும் (எந்தச் சந்தர்ப்பம்) வேறு. ஆசிரியப்பா என்பது கட்டுமானத்தின் பெயர். கையறுநிலை என்பது சந்தர்ப்பத்தின் பெயர்: தலைவன் செத்துப்போனான், பாடுகிறவர் செய்வதறியாமல் நிற்கிறார். இந்தத் துறை என்ற சொல்லைத்தான் வகை என்பதற்கு நான் மனசுக்குள் வைத்துக்கொள்வேன். யார், யாரிடம், எப்போது சொல்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

உதாரணத்துக்கு வெளியூர் போக வேண்டாம். தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். புறநானூற்றில் ஔவையார் பெயரில் 33 பாட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை இந்த ஒரே ஆளைச் சுற்றி வருபவை. ஒரே ஆள், ஒரே புலவர், ஏறக்குறைய ஒரே அகவல் நடை, அதாவது ஆசிரியப்பா. ஆனால் பாட்டுக்குப் பாட்டு வகை மாறுகிறது. வகை என்றால் என்ன என்று விளங்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

87ஆம் பாட்டு எதிரிகளைப் பார்த்து விடுகிற எச்சரிக்கை. ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்கிற தச்சன் ஒருவன், ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் அது எப்படி இருக்கும்? எங்கள் ஆள் அப்படி, களத்துக்கு வந்துவிடாதீர்கள் என்கிறார். 91இல் குரல் மாறிவிடுகிறது. எட்டாத உயரத்தில் இருந்த நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமானை நீ நிலைத்து வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறார். 101 விருந்துபசாரத்தைப் பற்றியது. ஒரு நாள் போனாலும், பல நாள் பலரோடு போனாலும், முதல் நாள் காட்டிய அதே பிரியத்தோடு இருக்கிறானாம். மூன்றாம் நாளே சொந்தக்காரர் வீட்டில் காபி தண்ணியாகிவிடும் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பாராட்டின் எடை புரியும்.

இப்போது 95. தொண்டைமான் என்ற அரசனிடம் தூது போயிருக்கிறார் ஔவை. அவன் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். இவை மயில் பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் மிக்க அரண்மனையில் இருக்கின்றன என்கிறார் ஔவை; எங்கள் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து எப்போதும் கொல்லன் பட்டறையில்தான் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்வது, இகழ்வதுபோல் புகழ்வது. மறைவாக எள்ளுவதற்குத் தொல்காப்பியத்திலேயே இடம் உண்டு. இங்கே பீலி என்பது கேலிப் பொருள்: போர் பார்க்காத வேலுக்குத்தான் அலங்காரம்.

அப்புறம் அதியமான் போரில் இறந்துபோகிறான். நடுகல் நடுகிறார்கள். 232ஆம் பாட்டில் அதே பீலி திரும்ப வருகிறது. நடுகல்லுக்குப் பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் ஊற்றிப் படைக்கிறார்கள். மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தத் துளிக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார் ஔவை. 95இல் சிரிக்கவைத்த பீலி 232இல் தொண்டையை அடைக்கிறது. பொருள் ஒன்று, சொல் ஒன்று. துறை மாறியது, படிக்கிறவர் மனசு மாறிவிட்டது. வகை செய்கிற வேலை இவ்வளவுதான், ஆனால் இது பெரிய வேலை. ஒரு சொல்லை எந்தக் காதால் கேட்க வேண்டும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

இதே அதியமானின் தகடூர்ப் போரைச் சொன்ன தகடூர் யாத்திரை என்று ஒரு நூல் இருந்திருக்கிறது. முழுசாகக் கிடைக்கவில்லை, சில பாட்டுகள்தான் மிஞ்சியிருக்கின்றன. உரைநடையும் பாட்டும் கலந்த பழங்கதை என்று உரையாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். கவிதை ஒரு பெட்டி, உரைநடை இன்னொரு பெட்டி என்று நாம் பிரிப்பதை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை போலிருக்கிறது. அந்தப் போரில் ஜெயித்த சேரன் பக்கத்திலிருந்து அரிசில்கிழார் பாடியது பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து. தோற்றவனின் ஊர்க்காரர்கள் நாம், அதையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

போரும் கொடையும் பாடுகிற புறத்தைப் பார்த்தாகிவிட்டது, காதலைப் பாடுகிற அகத்துக்கு மாமாவின் பரணுக்கே திரும்புவோம். குறிஞ்சிப் பாட்டுகளில் தினைப்புனம் இருக்கும், காவல் பரண் இருக்கும், கிளி ஓட்டுகிற பெண் இருப்பாள், ராத்திரி யானை வரும், கவண்கல்லும் தீப்பந்தமும் பறக்கும். தினைக்குப் பதிலாக ராகி, பந்தத்துக்குப் பதிலாக டார்ச்; மற்றபடி இந்த மலையோரத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஆனால் அகப்பாட்டில் யானை யானைக்காக வராது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடி. அதில் தினை காக்கப் போன பெண்களை நோக்கி ஒரு யானை வருகிறது, ஒருவன் அம்பு விட்டு அதை விரட்டுகிறான், அங்கே பழக்கம் உண்டாகிறது. இதையெல்லாம் தோழி செவிலித்தாயிடம் பக்குவமாக எடுத்துச் சொல்கிறாள். யானை அங்கே காதலுக்கான சாட்சி. இன்னொரு விதியும் உண்டு: அகத்தில் காதலர்களின் பெயர் வரக் கூடாது. காதலன் அதியமான் என்று பெயர் சொல்லிவிட்டால் அது புறம். காதல் யாருக்கும் பொருந்தட்டும் என்று பெயரை எடுத்துவிட்டார்கள்.

கட்டுமானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெண்பா, ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா என்று பா நான்கு. பேச்சுக்கு நெருக்கமான நடை வேண்டுமென்றால் ஆசிரியப்பா. கறாரான கட்டு வேண்டுமென்றால் வெண்பா, அதன் கடைசி அடி மூன்று சீரில் டக்கென்று நிற்கும். முன்னடியில் நாலு, பின்னடியில் மூன்று என்று ஏழே சீரில் முடிகிற குறள் வெண்பாதான் திருக்குறளின் வடிவம். யாப்பைக் கழற்றிவைத்துவிட்டுப் பேச்சின் தாளத்தை மட்டும் நம்பி எழுதுவது புதுக்கவிதை. பாரதியின் வசன கவிதைகளுக்குப் பிறகு 1930களில் ந. பிச்சமூர்த்தி போன்றவர்கள் அதை எழுத ஆரம்பித்தார்கள். மாமா பையனின் ஸ்டேட்டஸ் இந்த வம்சத்தில் வருகிறது. வரியை உடைத்து உடைத்து எழுதினால் மட்டும் கவிதை ஆகிவிடாது என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பாவம், அன்றைக்கு அவன் தூங்கவே இல்லை.

பாட்டு நீண்டு ஒரு முழுக்கதையைத் தூக்கிக்கொண்டு போனால் காப்பியம். 30 காதைகளில் சிலப்பதிகாரம் போவது அப்படி. இடைக்காலத்தில் வளர்ந்த பிள்ளைத்தமிழ், உலா, தூது, கோவை, பள்ளு, குறவஞ்சி போன்றவற்றைச் சிற்றிலக்கியம் என்பார்கள். 96 என்று கணக்குச் சொல்வது வழக்கம், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இவற்றில் பலவும் முன்கூட்டியே வரையறுத்த சட்டகங்கள். பிள்ளைத்தமிழ் என்றால் பத்துப் பருவம் வேண்டும். போரில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்குத்தான் பரணி பாடலாம் என்பது இலக்கணம். மூன்று யானையை விரட்டவே முடியாத எங்கள் மாமாவுக்குப் பரணி கிடையாது.

கதைக்கு வருவோம். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வைத்திருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இரண்டிலும் வயலோரங்களிலேயே பல நிற்கின்றன. எழுத்து வெட்டிய கற்களில் பெரும்பாலும் ஒரே வாய்பாடுதான்: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊர்த் தொறுவைக் கவர்ந்தபோது, மீட்டு இறந்துபட்டான் இன்னார், அவன் கல். தொறு என்றால் மாட்டு மந்தை. பக்கத்தில் வில்லோ வாளோ பிடித்த ஓர் உருவம். காலம், இடம், சிக்கல், முடிவு எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் இதைச் சிறுகதை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆள் மாட்டின் பின்னால் ஓடும்போது என்ன நினைத்தான் என்பது கல்லில் இல்லை. அந்த இடைவெளியில்தான் கதை எழுதுகிறவர் நுழைகிறார்.

சிறுகதை என்றால் சின்ன நாவல் என்று பலர் நினைக்கிறார்கள். பக்கக் கணக்கு இதில் இரண்டாம்பட்சம். மாமாவின் ராத்திரியைச் சிறுகதையாக எழுதினால் நான் பரணை விட்டு இறங்கவே மாட்டேன். கீழே யானை மூச்சு விடுகிறது, பட்டாசுத் திரி பனியில் நமுத்துவிட்டது, தீப்பெட்டியில் ஒரு குச்சி மிச்சம். அந்தக் குச்சியை அவர் உரசுகிறாரா, இல்லை, எதற்கு இதுவும் என்று பையில் போட்டுக்கொள்கிறாரா? அதோடு கதை முடிந்தது. மற்றதெல்லாம் வாசகர் பாடு.

நாவல் என்றால் பரணிலிருந்து இறங்கி நடக்க வேண்டும். தாத்தா காலத்தில் அந்தக் காட்டு எல்லை எங்கே இருந்தது, கிரானைட் குவாரி எப்போது வந்தது, பையன் ஏன் ஓசூர்க் கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போனான், அத்தையின் நகை எந்த அடகுக்கடையில் இருக்கிறது, யானைகளின் பழைய வழித்தடம் என்ன ஆயிற்று, எல்லாம் உள்ளே வரும். ஒரே ராத்திரிக்குப் பின்னால் நாற்பது வருஷம் நிற்கும். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வந்தது. தமிழின் முதல் நாவல் என்று அதைத்தான் சொல்வார்கள். சிறுகதை தனிக் கலையாக நின்றது அதற்குப் பிறகு, இருபதாம் நூற்றாண்டில். இரண்டுக்கும் நடுவில் குறுநாவல் என்று ஒன்று இருக்கிறது; ஒரு சிக்கலை விடாமல் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடப்பது.

வடிவம் மாறினால் பழைய கதையும் புதிதாகிவிடும் என்பதற்கு ஓசூருக்குப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார். தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, எல்லோருக்கும் தெரிந்த ராமாயணத்தை எளிய உரைநடையில் சக்கரவர்த்தித் திருமகன் என்று எழுதினார். அதற்கு 1958இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கதையில் புதுசாக என்ன இருந்துவிடப் போகிறது? கம்பனின் விருத்தப் பாட்டைப் பதம் பிரித்துப் படிக்கத் தெரியாதவர்கள் வீட்டுக்குள்ளும் அது போய்ச் சேர்ந்தது, அதுதான் புதுசு.

நாடகத்தைப் பற்றிப் பேசும்போது புத்தகத்தை மூடிவிடலாம். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியில் அதையே கூத்தாக ஆடுவார்கள். பகலில் ஒருவர் பாட்டைச் சொல்லி, பொருள் விரித்து, இடையில் ஊர்க்கதையும் கலந்து நடத்துவார். பீமன் இப்படிக் கோபப்பட்டான் என்று அவர் சொல்வார். ராத்திரி பீமனே திரை விலக்கி வந்து கத்துவான். கதை சொல்லி இருப்பதும் இல்லாததும்தான் காப்பியத்துக்கும் நாடகத்துக்கும் நடுவே இருக்கிற கோடு. நாடகத்தில் ஆசிரியருக்குப் பேச வாய் இல்லை; பாத்திரங்கள் பேசுவதையும் செய்வதையும் வைத்து நாமே புரிந்துகொள்ள வேண்டும். கூத்தில் அந்தக் கோட்டையும் கட்டியங்காரன் அழித்துவிடுகிறான். அவன் ராஜாவிடம் பாரதம் பேசுவான், திரும்பி நம்மிடம் ரேஷன் கடையைப் பற்றிப் பேசுவான். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் பெரிசாகச் செய்த துரியோதனன் படுத்திருப்பான். பீமன் வந்து தொடையில் அடிக்கும்போது அங்கே யாரும் பார்வையாளராக மட்டும் நிற்பதில்லை.

கட்டுரை, பயணக்கதை, தன்வரலாறு இவற்றுக்கெல்லாம் ஒரு பொது ஒப்பந்தம் உண்டு: இது நடந்தது, நான் இட்டுக்கட்டவில்லை. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தார்; அந்தச் சுவடிகளைத் தேடி அலைந்த கதையைத் தன்வரலாறாக எழுதியபோது அது எந்த நாவலுக்கும் குறையாமல் ஓடுகிறது. ஆனால் நாம் அதைப் படிக்கும் காது வேறு. மூன்று யானையை மாமா ஐந்து என்று டீக்கடையில் சொன்னால் ரசிக்கிறோம். அதையே நான் மனுவில் எழுதினால் அது பொய். சரி, அந்த மனு இலக்கியமா என்றால், இல்லை. ஒரு வேலை முடிந்ததும் அதன் ஆயுளும் முடிந்துவிடும். திரும்பப் படிக்க யாரும் எடுக்க மாட்டார்கள்.

தொல்காப்பியர் இந்த விஷயத்தில் நம் பாடப் பட்டியலைவிடத் தாராளமானவர். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழு சொல்கிறார். பிசி என்றால் விடுகதை, அங்கதம் என்றால் எள்ளல், முதுசொல் என்றால் பழமொழி. நாலு உரல் நடக்குது, ரெண்டு முறம் விசிறுது, ஒரு பாம்பு தொங்குது என்று குழந்தைகள் போடுகிற விடுகதைக்கும் அவர் செய்யுளைப் பற்றிப் பேசுகிற செய்யுளியலில் இடம் இருக்கிறது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்ற பழமொழிக்கும் இருக்கிறது. ("காட்டு யானைக்கு எவன்டா மணி கட்டினான்?" என்று மாமா கேட்டார். நியாயம்தான்.)

இந்த வாய்மொழிப் பக்கத்தைத்தான் நான் கடைசிக்கு வைத்திருந்தேன். தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி எல்லாம் வகை என்றால் என்ன என்பதை வெளிச்சமாகக் காட்டுகின்றன. சந்தர்ப்பம் இல்லாமல் அவை பிறப்பதே இல்லை. அதியமான் இறந்தபின் ஔவை பாடிய 235ஆம் பாட்டைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குத் தருவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பான், அதெல்லாம் போயிற்றே என்று அடுக்கிக்கொண்டே போகிறது. அவன் மார்பைத் துளைத்த வேல் பாணர்களின் பாத்திரத்தைத் துளைத்து, இரப்பவர் கையைத் துளைத்து, புலவர் நாவில் போய் விழுந்ததாம். "பாடுநரும் இல்லை, பாடுநர்க்கு ஒன்று ஈகுநரும் இல்லை" என்று கைவிரிக்கிறது. இருந்தபோது இப்படி, இல்லாதபோது இப்படி என்று அடுக்குகிற இந்தக் கட்டு, எங்கள் ஊர் எழவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற எந்தப் பாட்டிக்கும் தெரியும். வரப்பில் உட்கார்ந்து அத்தை அழுததும் அதே கட்டில்தான். கதிர் வந்தப்போ இப்படிச் சொன்னேனே, களத்துக்கு வந்தா இப்படிச் செய்யலாம்னு இருந்தேனே என்று ஒவ்வொரு வரியும் ஓர் ஆசையில் தொடங்கி ஓர் இழப்பில் போய் முட்டியது.

அண்ணன் மகளுக்கு அது மண்டையில் ஏறிவிட்டது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நோட்டும் பேனாவுமாக அத்தையிடம் போய் உட்கார்ந்தாள். "காலையில பாடினதை இன்னொரு தடவை பாடுங்க பாட்டி, எழுதிக்கிறேன்" என்றாள்.

அத்தை களிச்சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "யானை இன்னொரு தடவை வரட்டும், பாடறேன்."